ஒரு மில்லிமீட்டரின் கீச்சொலி

பழைய அம்பாசடர் ஒன்றின் பின்பம்பரை இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். வண்டி எழும்பி அமரும். கூடவே அடியிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரலாம். இப்போது அதையே மெதுவாகச் செய்து பாருங்கள். பல வண்டிகளில் மெதுவாக அழுத்தும்போதுதான் சத்தம் நீளமாக, பல்லைக் கூசவைக்கும்படி வரும். வேகமாக ஆட்டினால் மழுங்கிவிடும். எண்ணெய்ப் பசை இல்லாததுதான் ஒரே காரணம் என்றால், வேகத்துக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழைய கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இது தனி எரிச்சல். எஞ்சினைப் பிரித்துக் கட்டி, பழைய நிறத்தையே தேடிப் பெயிண்ட் அடித்து, குரோம் வேலையெல்லாம் முடித்து, கண்காட்சி மைதானத்துக்குள் பெருமையாக நுழையும்போது முதல் வேகத்தடையிலேயே வண்டி முனகிக் காட்டிக்கொடுத்துவிடும். அடியில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்ட இடம் அது. யாரும் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் கேட்கிறது.

அந்த இடத்தில் இருப்பது பட்டை ஸ்பிரிங். லாரிப் பட்டறைகளில் சுருக்கமாகப் 'பட்டை' என்பார்கள். வளைந்த உருக்குப் பட்டைகளை நீளத்தில் பெரியது மேலே, அடுத்தடுத்துச் சிறியவை கீழே என அடுக்கி, நடுவில் ஒரு சென்டர் போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். மேலே இருக்கும் மெயின் பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருண்டிருக்கும். ஒரு வளையம் சேசிஸில் நேரடியாக மாட்டப்படும். மறு வளையம் ஷேக்கில் என்னும் ஊசலாடும் இணைப்பில் மாட்டப்படும். சுமை ஏறி ஸ்பிரிங் நிமிரும்போது அதன் நீளம் கொஞ்சம் கூடும் அல்லவா, அதற்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கில்.

காருக்கு முன்பே குதிரை வண்டிக்கு வந்துவிட்ட சாதனம் இது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வண்டி கட்டிய ஓபதியா எலியட் நீள்வட்ட ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ரயில் பெட்டிகளுக்கு இது போனபோது, எத்தனை பட்டை, எவ்வளவு தடிமன், எவ்வளவு வளைவு என்று கணக்குப் போட வேண்டிய தேவை வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் எதுவார் ஃபிலிப்ஸ் 1852-இல் அந்தக் கணக்கை முறையாக எழுதினார்.

ஆனால் ஏன் பல பட்டைகள்? தடிமனாக ஒரே பட்டையைப் போட்டால் என்ன? இந்தக் கேள்விக்கான விடையில்தான் கீச்சொலியின் வேர் இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 6 மி.மீ. தடிமனுள்ள ஆறு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை தடையின்றி நழுவ விட்டால், மொத்த விறைப்பு ஒரு பட்டையைப்போல ஆறு மடங்கு. அதே ஆறையும் உருக்கி ஒட்டி 36 மி.மீ. தடிமனுள்ள ஒரே கட்டையாக்கினால் 216 மடங்கு. வித்தியாசம் 36 மடங்கு! பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவதால்தான் இது ஸ்பிரிங். நழுவாவிட்டால் இது உத்திரம். 40 ஆண்டு கொட்டகையில் நின்ற வண்டியின் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தால், அந்த வண்டி சத்தம் போடாமலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து அடிக்கும். ஆகவே கீச்சொலி கேட்டால் ஒரு விதத்தில் நல்ல செய்திதான். பட்டைகள் இன்னும் நகர்கின்றன.

எவ்வளவு நகர்கின்றன? கணக்கு எளிது. ஸ்பிரிங்கின் பாதி நீளம் 600 மி.மீ., பட்டையின் தடிமன் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 10 மி.மீ. மேடு ஒன்றில் ஏறினால், முனையருகே பட்டையின் சாய்வு ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு ரேடியன் மாறும். அதைத் தடிமனால் பெருக்கினால் கிடைப்பதுதான் ஒரு பட்டை மற்றதன்மேல் நழுவும் தூரம்: 0.2 மி.மீ. பெரிய குழியில் இறங்கி ஸ்பிரிங் 75 மி.மீ. அமுங்கினால்கூட நழுவல் 1.5 மி.மீ.தான். அடுக்கின் அடியில் இருக்கும் குட்டைப் பட்டைகளின் முனைகளில் இதைவிடக் குறைவு. வண்டியின் உடல் நொடிக்கு ஒன்றரைத் தடவை மேலும் கீழும் ஆடுவதாகக் கொண்டால், சாதாரணச் சாலையில் இந்த நழுவலின் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். வண்டி அறுபதில் பறக்கும்போதும் பட்டைகளுக்கு நடுவே எல்லாம் ஊர்ந்துதான் நடக்கிறது.

சிறிய தூரம், ஊரும் வேகம், பெரும் அழுத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் உராய்வு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

ஒட்டுவதும் வழுக்குவதும்

கனமான பீரோவைத் தள்ளியவர்களுக்குத் தெரியும்: அசைய வைப்பதுதான் கடினம், அசைந்த பிறகு அத்தனை பலம் வேண்டாம். நிலையாக இருக்கும்போது உள்ள உராய்வு, நகரும்போது உள்ளதைவிட அதிகம். பிரான்ஸின் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் சோதனைகள் செய்து, 1781-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்ற சார்ல் கூலம் இன்னொன்றையும் கண்டார். இரண்டு பரப்புகள் எவ்வளவு நேரம் அசையாமல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றனவோ, அதற்கேற்ப நிலை உராய்வு கூடிக்கொண்டே போகிறது. மின்னேற்றத்தின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே கூலம்தான். ஒரு மாதம் நின்ற கார் முதல் வேகத்தடையில் அதிகமாகக் கத்துவதற்கு ஒரு காரணம் இந்த 18-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பில் இருக்கிறது.

ஏன் அப்படி? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உருக்கும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பட்டைகள் தொடும்போது உண்மையில் தொடுவது சில மேட்டு முனைகள் மட்டுமே. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் பௌடனும் டேவிட் டேபரும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை விரிவாக விளக்கினார்கள். மேட்டு முனைகள் நசுங்கி நசுங்கி, சுமையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு வந்ததும் நிற்கின்றன. எனவே உண்மையான தொடுபரப்பு என்பது சுமையை உலோகத்தின் கடினத்தால் வகுத்தால் வருவது. ஸ்பிரிங் உருக்கின் கடினத்தை வைத்து, ஒரு பட்டை முனையில் 100 கிலோ சுமை என்று போட்டுப் பார்த்தால், விடை ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ கால் பங்கு! 45 மி.மீ. அகலப் பட்டை தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தெரியும். தாங்குவது அந்தக் கால் சதுர மில்லிமீட்டர். அந்த நுண்முனைகள் அங்கங்கே பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கின்றன. நேரம் ஆக ஆக இன்னும் கொஞ்சம் நசுங்கி, இன்னும் கொஞ்சம் ஒட்டுகின்றன.

இனி வண்டி அமுங்குகிறது. மேல் பட்டை நழுவப் பார்க்கிறது. ஒட்டிய முனைகள் விடவில்லை. பட்டைகள் வளைந்து விசையைச் சேமிக்கின்றன. ஒரு கட்டத்தில் ஒட்டு அறுகிறது. உடனே உராய்வு குறைந்துவிடுவதால் பட்டை தேவைக்கு மேலேயே வழுக்கி ஓடி, விசை தீர்ந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பிறகு மறுபடி சேமிப்பு, மறுபடி அறுதல். 1939-இல் பௌடனும் லெபனும் செய்த சோதனைகளில், சீராக நகர்வதாகத் தோன்றும் உலோகப் பரப்புகள் உண்மையில் இப்படித் தாவித் தாவித்தான் போகின்றன என்று பதிவானது. வயலின் தந்தியின்மேல் வில் செல்லும்போது நடப்பதும் இதுதான். வில்லின் முடி தந்தியைப் பிடித்து இழுக்கிறது, விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ரோசினைத் தேய்ப்பது அந்த ஒட்டலைக் கூட்டத்தான். வயலினில் தந்தியின் நீளம் இந்த ஒட்டு-வழுக்கலை ஒரு சுருதியில் கட்டிப்போடுகிறது. காருக்கடியில் அப்படிக் கட்டிப்போட எதுவும் இல்லை. ஒவ்வொரு பட்டையும் தன் இஷ்டத்துக்கு அதிர்கிறது. அந்த அதிர்வு ஷேக்கில் வழியாகச் சேசிஸுக்கும் அங்கிருந்து பெரிய தகரப் பரப்புகளுக்கும் ஏறிக் காதுக்கு வருகிறது.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள சம்பந்தம் இப்போது புரியும். மெதுவாக நகர்ந்தால் ஒவ்வொரு முனைக்கும் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. வேகமாக நகர்ந்தால் நேரம் இல்லை. ஒரு வேகத்துக்கு மேல் ஒட்டு-வழுக்கல் நின்று, சீரான வழுக்கல் மட்டும் மிஞ்சும். பட்டை ஸ்பிரிங்கோ அந்த வேகத்தை முழுதாக எட்டுவது அரிது.

எண்ணெய் ஏன் போதாது

வாட்டர் சர்வீஸ் கொடுத்த இடத்தில் ஒரு காலத்தில் இலவசமாகக் கிடைத்த மருந்து இது. வண்டியை மேலே தூக்கி அடிப்பாகத்தைக் கழுவி முடித்ததும், "பட்டைக்கு ஆயில் அடிச்சிரவாண்ணே?" என்று கேட்டு, டீசலும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்த ஒன்றைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவார்கள். சத்தம் அன்றே நின்றுவிடும். வண்டிக்காரருக்கும் திருப்தி. பத்துப் பதினைந்து நாளில் மறுபடி கத்தத் தொடங்கும்.

எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்குகளில் எண்ணெய் அற்புதம் செய்கிறது. 1883-இல் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்த பியூசாம்ப் டவர், அதன் மேற்பக்கத்தில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே பொங்கியது. மரத் தக்கையால் அடைத்தார். தக்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புபோல் இடுக்குக்குள் இழுத்துச் சென்று, உலோகத்தை உலோகத்திலிருந்து தூக்கி மிதக்க வைக்கும் அளவுக்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித ரீதியாக நிறுவினார். இந்த மிதப்புக்கு வேகம் வேண்டும். நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் போய் உடனே திரும்பி வரும் பட்டைக்கு அந்த வேகம் இல்லை. அழுத்தம் எண்ணெயைப் பிதுக்கி வெளியேற்றிவிடும். நழுவல் அதைத் திரும்ப உள்ளே இழுக்காது. ஆக, பட்டைக்கு நடுவே நிற்கக்கூடியது பிதுங்கி ஓடாத பொருள்தான்.

தெளித்த எண்ணெய் இன்னும் இரண்டு தீமைகள் செய்கிறது. ஒன்று, தூசியைப் பிடித்து வைக்கிறது. சாலைத் தூசியில் கணிசமான பங்கு மணல், அதாவது குவார்ட்ஸ். ஸ்பிரிங் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினமானது அது. எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கப் பயன்படும் பசைக்கு ஒப்பானது. இன்னொன்று, வளையங்களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்கள். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயிலும் டீசலிலும் ஊறி, உப்பி, பஞ்சாகிவிடும். பட்டையின் கீச்சொலியை அடக்கப்போய் புஷ்ஷின் 'டொக் டொக்' சத்தத்தை விலைக்கு வாங்குவதுதான் மிச்சம்.

துருவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிகச் சிறிய தூரம் முன்னும் பின்னும் உரசும் உருக்குப் பரப்புகளுக்கு நடுவே செந்நிறப் பொடி உண்டாகும். 1927-இல் டாம்லின்சன் ஆராய்ந்த உரசல் அரிப்பு அது. உரசலில் பிய்ந்த நுண்துகள் உடனே ஆக்சைடாகி, உருக்கைவிடக் கடினமாகி, இடுக்கிலேயே தங்கி மேலும் பிய்க்கிறது. பழைய பட்டையைப் பிரித்தால் முனைகள் தொட்ட இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் கொட்டுவது இதுதான். அது போட்ட குழிகளைத் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற குழி ஒவ்வொன்றும் களைப்பு விரிசல் தொடங்க ஏற்ற இடம். சத்தத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்பவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். மெயின் பட்டை முறிந்தால் அச்சு விலகும். நெடுஞ்சாலையில் அது விளையாட்டல்ல.

பிரிக்கும் முன்

சத்தம் பட்டையிலிருந்துதான் வருகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஷேக்கில் புஷ், ஷாக் அப்சார்பரின் ரப்பர், பட்டைகள் விலகாமல் பிடித்திருக்கும் கிளிப்புகள் எல்லாமே கத்தக்கூடியவை. சோப்புத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்து ஒவ்வோர் இடமாகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் பம்பரை அழுத்திப் பாருங்கள். எந்த இடம் நனைந்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எண்ணெயைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. ரப்பரும் கெடும், எல்லா இடத்துக்கும் பரவித் துப்பும் கலைந்துவிடும்.

பட்டைதான் என்று உறுதியானால், வண்டியைச் சேசிஸில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, அச்சைத் தனியாகத் தாங்கி, ஸ்பிரிங்கை இறக்க வேண்டும். அடுத்து வருவது ஆபத்தான கட்டம். அடுக்கிலுள்ள ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலே இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைக்கப்பட்டிருக்கும். சென்டர் போல்ட்டை இறுக்கும்போது அந்த வளைவு வித்தியாசம் அமுங்கி, கீழ்ப் பட்டையின் முனை மேல் பட்டையை அழுத்திப் பிடிக்கும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. முனைகள் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மெயின் பட்டையின் சுமையும் குறைய வேண்டும். போல்ட்டைச் சும்மா கழற்றினால் அத்தனை பட்டைகளும் ஒரே நேரத்தில் துள்ளும். ஆகவே போல்ட்டின் இரு பக்கமும் பலமான கிளாம்ப்புகளைப் போட்டு, போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழு நீளமும் மரை உள்ள நீண்ட கம்பியைச் செலுத்தி, அதன் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதுதான் முறை. மேல் எது, முன்பக்கம் எது என்று ஒவ்வொரு பட்டையிலும் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வளைவு வித்தியாசத்தால்தான் அழுத்தம் பட்டையின் நீளம் முழுக்கப் பரவாமல் முனைகளில் குவிகிறது. பிரித்த பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுப்பகுதியில் பழைய பெயிண்ட்கூட மிச்சமிருக்கும். அடுத்த பட்டையின் முனை தொட்ட இடத்தில் மட்டும் குறுக்கே ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் பளபளக்கும் ஒரு கோடு. குறிப்பாக, முனையைச் சதுரமாக வெட்டி அப்படியே விட்டிருந்தால், அதன் மேல் விளிம்பு உளிபோல மேல் பட்டையைச் சுரண்டியிருக்கும். புதுப்பிப்பு வேலையில் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம் இந்த முனைகளுக்குச் செலவிடும் நேரம்தான் என்பது என் கருத்து. அரத்தாலோ கிரைண்டரின் மெல்லிய வட்டாலோ மேல் விளிம்பை மென்மையாகச் சரித்து உருட்டிவிடுங்கள். நிறம் மாறும் அளவுக்குச் சூடேற்றக்கூடாது. பள்ளத்தின் கூரான ஓரங்களையும் நீளவாக்கில் தேய்த்துச் சமன்செய்யுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் பட்டையையே மாற்றிவிட வேண்டும். அதில் வெல்டிங் வைப்பது விரிசலுக்குத் தேதி குறிப்பதற்குச் சமம்.

துருவை எடுக்கக் கம்பி பிரஷ், மணல் பீய்ச்சல் எதுவும் சரி. ஆசிட் மட்டும் வேண்டாம். கடினமாக்கிய உருக்கை ஆசிட்டில் போட்டால் வெளிவரும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உள்ளதாக ஆக்கிவிடும். எந்த அறிகுறியும் காட்டாமல் கிடந்து, சுமை ஏறிய ஒரு நாளில் பட்டை படக்கென்று முறியும். குரோம், ஜிங்க் முலாம் பூசுவதிலும் இதே ஆபத்து உண்டு. வசதி இருந்தால் ஷாட் பீனிங் செய்யலாம். சிறு உருக்குக் குண்டுகளை வேகமாக அடித்து, மேல்தோலை உள்ளழுத்தத்தில் வைக்கும் முறை அது. ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் ஆல்மென் 1930-களில் இதைப் பொறியியலாக வளர்த்தார். சுமை ஏறும்போது பட்டையின் மேற்பரப்புதான் இழுவிசைக்கு உள்ளாகிறது. விரிசல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்கும் தோலை இழுத்துப் பிளப்பது கடினம்.

நடுவில் எதை வைப்பது

எளிய வழி கிராஃபைட் கலந்த கிரீஸ் அல்லது கிராஃபைட் பெயிண்ட். கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தாள்களுக்கு நடுவே பிடிப்பு குறைவு. உலர்ந்த உருக்கின்மேல் உருக்கு உரசும்போது உராய்வுக் கெழு 0.6-க்கு மேல் போகும். கிராஃபைட் இருந்தால் 0.1 அளவுக்கு இறங்கும். அதைவிட முக்கியம், நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. இடைவெளி இல்லாவிட்டால் தாவல் இல்லை. தாவல் இல்லாவிட்டால் சத்தம் இல்லை.

கிராஃபைட்டுக்கு ஒரு விசித்திரம் உண்டு. வழுக்க அதற்கு ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து பொடியானபோதுதான் இது தெரியவந்தது. மேலே காற்றில் ஈரம் இல்லை. தாள்களின் ஓரங்களை மூடி ஒட்டலைத் தடுக்கும் நீராவி இல்லை. சென்னைக் காற்றில் அந்தக் கவலை கிடையாது. இங்கே கவலை வேறு. கிராஃபைட் மின்கடத்தி, வேதியியல் ரீதியாக உருக்கைவிட மந்தமானது. உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, அரிக்கப்படுவது உருக்காகவே இருக்கும். கடலோர ஊரில் ஓடும் வண்டிக்கு, ஜிங்க் சத்துள்ள பிரைமரை மெல்லியதாக ஒரு கோட் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் கிராஃபைட் போடுவது நல்லது. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸும் இதே தாள் அமைப்பில் வேலை செய்கிறது. அது ஈரம் இல்லாதபோது இன்னும் நன்றாக வழுக்கும்.

பெயிண்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரித்த பட்டைகளைப் பார்த்ததும் ஆசையாக இரண்டு மூன்று கோட் பளபளப்பான கறுப்பு எனாமல் அடித்துவிடுகிறார்கள். முனைகளில் அது ஒரு வாரத்தில் சுருண்டு உரிந்து, உரிந்ததே கீச்சிடும். யூ போல்ட் இறுக்கும் நடுப்பகுதியிலோ தடித்த பெயிண்ட் நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளர்ந்துவிடும். தளர்ந்தால் அத்தனை விசையும் சென்டர் போல்ட்டின்மேல் வந்து அது அறுந்துபோகும்.

பிளாஸ்டிக் பட்டி வைப்பது இன்னொரு வழி. மிக அதிக மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனைப் பட்டையின் அகலத்துக்கு வெட்டி நடுவே வைக்கிறார்கள். ஈரத்தாலும் தூசியாலும் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. ஆனால் இறுக்கும் நடுப்பகுதியில் அதை வைக்கவே கூடாது; தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல வழிந்தோடும் பொருள் அது. முனைகளில் மட்டும் போதும். கார் தயாரித்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1960-களில் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்குவாக்கில் இருக்கும். அதன் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்து ஸ்பிரிங்குகளில் பட்டைகளின் முனைகளுக்கு நடுவே ரப்பர் பொத்தான்கள் வைக்கப்பட்டன. அவை தேய்ந்து காணாமல்போன வண்டிகள்தான் இன்று பட்டறைக்கு வருகின்றன. பொத்தான் இருந்த இடத்தில் குழி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ வார்ப்புக் குறை என்று நினைத்து அப்படியே பூட்டிவிடுவது எளிது. இங்கிலாந்தில் விலையுயர்ந்த கார்களுக்கு ஸ்பிரிங் முழுவதையும் தோல் உறையில் போர்த்தி, உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. தூசி புகாது, பார்க்கவும் அழகு. நம் மழைக்காலத்தில் தண்ணீர் ஒருமுறை உள்ளே போய்விட்டால் வெளியேற வழியில்லாமல் துருவை வளர்க்கும் என்பதால் இங்கே நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

உராய்வை முழுவதும் ஒழித்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்கே இரண்டு பட்டை ஸ்பிரிங்; ஷாக் அப்சார்பர் கிடையாது. குழியில் இறங்கிய வண்டி ஆடிக்கொண்டே இருக்காமல் அடங்கியதற்குக் காரணம் பட்டைகளுக்கு நடுவே இருந்த உராய்வுதான். ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றலை அது வெப்பமாக்கித் தின்றது. அந்தக் காரின் பட்டைகளுக்கு நடுவே முழு நீளத்துக்கும் பிளாஸ்டிக் வைத்தால், ஓட்டுபவர் படகில் போவதாக உணர்வார். அடுத்து வந்த மாடல் ஏ-க்கு ஃபோர்டு ஹூடாயி ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர்களைப் பொருத்தியது. அதுபோன்ற வண்டிகளில் பட்டையின் உராய்வைத் தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் ஷாக் அப்சார்பரில் உண்மையிலேயே எண்ணெய் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். உராய்வின் சுபாவம் வேறு, ஹைட்ராலிக்கின் சுபாவம் வேறு. உராய்வு சிறு அதிர்வை அப்படியே சேசிஸுக்குக் கடத்திவிட்டு, பெரிய விசை வந்தால்தான் விட்டுக்கொடுக்கும். ஹைட்ராலிக் வேகத்துக்கு ஏற்ப எதிர்க்கும். சிறு கற்கள் பரவிய சாலையில் பழைய வண்டி தடதடப்பது முன்னதன் குணம்.

பின்னாளில் பொறியாளர்கள் உராய்வோடான சண்டையை வேறு விதமாக முடித்தார்கள். நடுவில் தடித்து முனைகளில் மெலியும் பரவளையப் பட்டைகளில் எண்ணிக்கை குறைவு. நடுவிலும் முனைகளிலும் தவிர மற்ற இடத்தில் அவை தொடுவதே இல்லை. 1962-இல் வந்த செவி II காரில் பின்பக்கம் ஒரே ஒரு பட்டைதான். 1980-களின் கார்வெட்டில் அந்த ஒற்றைப் பட்டையும் கண்ணாடி இழையால் ஆனது. உரச இரண்டாவது பட்டை இல்லாததால் கத்தவும் ஆளில்லை. ஆனால் அசல் தன்மையைக் காக்க வேண்டும் என்று புறப்பட்ட புதுப்பிப்பாளர் இதையெல்லாம் மாட்ட முடியாது.

பூட்டும்போது கிரீஸை முனைகளில் தாராளமாகவும் நடுப்பகுதியில் ஒட்டும் ஒட்டாததுமாகவும் தடவுங்கள். சென்டர் போல்ட் புதியதாக இருக்கட்டும். யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சீராக இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். கிளிப்புகளை நசுக்கி இறுக்கக்கூடாது. பட்டை நழுவ இடம் வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். வளையங்களின் போல்ட்டுகளை இறுக்குவதைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது அவற்றை முறுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கும். சீக்கிரம் கிழிந்து, அடங்கிய பட்டைக்குப் பதிலாக அது கத்தத் தொடங்கும். வண்டியைத் தரையில் இறக்கி, நாலைந்து முறை பம்பரை அழுத்தி அமரவிட்டு, நான்கு சக்கரத்திலும் எடை ஏறிய பிறகு, அடியில் படுத்து அந்த நட்டுகளை இறுக்குங்கள்.